யார் கழுவுவது?

மீன்தொட்டி விற்பவர்கள் மீனைக் காட்டுகிறார்கள், விளக்கைக் காட்டுகிறார்கள், பின்பக்கம் ஒட்டும் நீலத் தாளைக்கூடக் காட்டுகிறார்கள். மீன் கழிக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கடலில் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. கழிவைக் கரைத்து எடுத்துப்போக அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடிப் பெட்டியில் பிடிப்பது சுமார் 55 லிட்டர். அதற்குள்தான் தின்ன வேண்டும், மூச்சுவிட வேண்டும், கழிக்க வேண்டும். மீனின் உடல் வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அமோனியா. அதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே வருகிறது. மீன் மூச்சுவிட விட அதன் வீடு நஞ்சாகிக்கொண்டிருக்கும். கடல்நீரில் இது இன்னும் மோசம். அதன் பி.எச். அளவு 8.2-ஐ ஒட்டி இருப்பதால், பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், அதே அமோனியாவில் பத்து மடங்குக்கும் அதிகமான பங்கு கொல்லும் வடிவில் இருக்கிறது.

இந்த அழுக்கை எடுப்பது பாக்டீரியா. உயிரியல் வடிகட்டுதல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடிகட்டுதல் என்றதும் டீத்தூள் ஒரு பக்கமும் டீ மறுபக்கமும் நிற்கிற படம் மனதில் வரும். அப்படி எதுவும் இங்கே நடப்பதில்லை. கரைந்துபோன அமோனியாவை எந்தச் சல்லடையும் பிடிக்காது. அதைத் தின்று பிழைக்கிற நுண்ணுயிர்கள் வேண்டும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு வரை மீனுக்குத் தொந்தரவில்லை. தண்ணீரை அவ்வப்போது மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். 1890-ஆம் ஆண்டையொட்டி செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை பெரும்பாலும் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. கல், மணல், ஸ்பாஞ்ச் என்று எதன் மேலாவது வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. ஆகவே 500 ரூபாய்க்கு வாங்கினாலும் 50,000 ரூபாய்க்கு வாங்கினாலும் உயிரியல் ஃபில்டர் என்ற பெயரில் நாம் வாங்குவது இரண்டே விஷயம்தான்: ஒட்டி உட்கார இடம், ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓட்டம்.

இந்தப் பாடத்தை நான் படிக்கக் காரணமானவர் என் ஓரகத்தி வீட்டில் வேலை செய்த ஓர் அக்கா.

கொழுந்தனாருக்கு மீன் வளர்ப்பில் ஆசை. ஆசை அவருடையது, அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்வது அந்த அக்காவின் வேலைகளில் ஒன்றாகத் தானாகவே சேர்ந்துகொண்டது. பாத்திரம், துணி, வீடு துடைப்பது, அப்புறம் தொட்டி. தொட்டிக்கென்று தனிச் சம்பளம் பேசவில்லை. கீழே அலமாரிக்குள் கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தது. மூடி போட்ட வாளி மாதிரி ஒரு பெட்டி. உள்ளே ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும். ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து பார்த்தவர், “இவ்ளோ அழுக்கு இருக்கு, நல்லாத் தேச்சுக் கழுவும்மா” என்றார். அவர் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, ஒவ்வொரு வளையமாக பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டார். சோப்புகூடப் போடவில்லை. திங்கட்கிழமை தண்ணீர் லேசாகக் கலங்கியது. செவ்வாய்க்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதன்கிழமை நான்கும் போய்விட்டன. அந்த மாதச் சம்பளத்தில் 500 ரூபாய் பிடித்தார்கள்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அந்தப் படலத்தைக் கொன்றுவிடும். குளோரின் இல்லாவிட்டாலும் உப்புநீரில் வளர்ந்த பாக்டீரியாவுக்கு நன்னீர் அதிர்ச்சி. மிச்சம் இருந்ததை பிரஷ் உரித்துப் போட்டது. அவர் அழுக்கு என்று சொன்ன அந்தப் பழுப்பு வழவழப்புதான் ஃபில்டர். பிளாஸ்டிக் பெட்டி அதற்கு வீடு மட்டுமே. அதைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை மெல்லப் பிழிந்திருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்தை அந்த அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவருக்கே தெரியவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துத் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் படித்தேன். கொழுந்தனார் அதற்குள் துபாய் போயிருந்தார். ஃபோனில் சொன்னேன். “அதுக்கு இப்ப என்ன அண்ணி பண்றது?” என்று சிரித்தார். ஓரகத்தியிடம் எண் வாங்கி அந்த அக்காவைக் கூப்பிட்டேன். மீன் செத்தது உங்கள் தவறில்லை, இன்ன காரணம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியும்க்கா. நான் சுத்தமாத்தான கழுவுனேன்” என்றார். ஓரகத்தி அந்த 500 ரூபாயைப் பிறகு அவருக்கு அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலையின் வரலாற்றைத் தேடினால் அங்கேயும் ஒரு வேலைக்காரப் பெண் நிற்கிறாள். 1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்கீ கடற்கரையிலிருந்து லண்டனுக்குப் பவளங்களை உயிரோடு கொண்டுவந்தார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் குருமார்களில் ஒருவர். கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் நகரத்தில் அடிக்கடி புதுக் கடல்நீருக்கு எங்கே போவது? பழைய நீருக்கே உயிர் கொடுக்க ஒரு வழி கண்டார். திறந்த சன்னலுக்கு முன்னால் நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நாளுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். ஊற்றியது வீட்டு வேலை செய்த பெண். நம்மூர்க் கடைகளில் டீ ஆற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். டீக்குப் பதில் கடல். நீரில் ஆக்சிஜன் கலக்க அது நல்ல வழிதான். மறு ஆண்டு கடற்பாசியும் கற்களும் வரவழைத்துத் தொட்டிக்குள் வைத்தார். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பெருகின. கற்களோடு சேர்ந்து பாக்டீரியாவும் வந்திருக்கும். அப்படி ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அன்னா தின் எழுதிய குறிப்புகள் 1859-இல்தான் அறிவியல் இதழில் அச்சாயின. அதற்குள் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்கூடம் திறந்தாகிவிட்டது. பிலிப் ஹென்றி காஸ் 1854-இல் எழுதிய நூல் ஊரெல்லாம் பரவி, தொட்டி வைப்பது மோஸ்தராகவும் ஆகியிருந்தது. இதில் அன்னாவின் பெயர் பின்னுக்குப் போனதைப் பல பெண்கள் எழுதி மீட்டிருக்கிறார்கள், நல்லது. அவருக்கும் முன்னால், 1832-இல், சிசிலித் தீவின் மெசினாவில் கண்ணாடித் தொட்டிகள் செய்து கடலுயிர்களை ஆராய்ந்த ஜான் வில்ப்ரூ-பவர் பெயரும் இப்போது சொல்லப்படுகிறது. அவர் தையல் வேலை செய்து மேலே வந்தவர். ஆனால் சன்னலோரம் நின்று முக்கால் மணி நேரம் உப்புநீரை ஆற்றிய பெண்ணின் பெயரை நான் எங்கேயும் பார்க்கவில்லை. லண்டனில் நெடுநாள் நின்ற அந்த முதல் கடல்தொட்டிக்கு அவள் கைதான் பம்ப்.

எங்கள் வீட்டுக்குத் தொட்டி வந்ததும் மகளுக்குக் கொண்டாட்டம். “ஹாலுக்கு அழகா இருக்கும்” என்றார் இவர். ஹாலுக்கு அழகு, சரி. நான் ஒரே நிபந்தனை போட்டேன். மீனை நீங்கள் எல்லோரும் தேர்ந்தெடுங்கள், ஃபில்டரை நான் தேர்ந்தெடுப்பேன். எங்கள் வீட்டுக்குக் காலையில் வரும் அக்காவுக்கு இந்தத் தொட்டி வேலையில் சேர்த்தி இல்லை என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன்.

கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். ஒரு கடையில், “சார் வரலையா மேடம்? டெக்னிக்கல் விஷயம், அவர்கிட்ட சொன்னா புரியும்” என்றார்கள். சாருக்கு பி.எச். என்றால் பி.எச்டி. என்றுதான் கேட்கும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நோட்டுப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டேன். மாதம் எத்தனை முறை திறக்க வேண்டும்? எத்தனை கிலோ இருக்கும்? கரண்ட் போனால் என்ன ஆகும்? கழுவுவது யார்? நாலாவது கேள்வி அவருக்குப் புரியவில்லை. “வீட்ல யாராவது கழுவிடலாம் மேடம், ஈஸி” என்றார். வீட்டில் யாராவது! அந்த யாராவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் பெயர் சொல்வதில்லை.

கேனிஸ்டரை முதலில் தள்ளினேன். நல்ல கருவிதான், நிறைய இடம், சத்தம் இல்லை, கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததுதான் எனக்குப் பிரச்சினை. அலமாரிக்குள் இருப்பதை மறந்துபோவார்கள். அடுத்தது மின்சாரம். பாக்டீரியாவுக்கு மூச்சுவிட வேண்டும். மூடிய பெட்டியில் தண்ணீர் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கிற ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு அவை சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அழுகிய நீர் மொத்தமும் மீன்களின் மேல் பாயும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம். இந்த ஊரில் இருந்துகொண்டு, நிற்காத மின்சாரத்தை நம்பி ஒரு உயிரை வளர்ப்பது என் கணக்கில் சரிவரவில்லை.

பழைய முறை ஒன்று உண்டு. சரளைக்கு அடியில் துளையிட்ட தட்டு வைத்து, காற்றுக் குமிழ்களால் நீரைச் சரளை வழியாகக் கீழே இழுப்பது. சரளை முழுவதும் பாக்டீரியாவுக்கு வீடு. விலை குறைவு, உழைக்கும். ஆனால் கழிவு அடியில் சேர்ந்துகொண்டே போகும். குழாயை உள்ளே விட்டுக் கிளறி உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பெருக்குமாறு போதாதென்று இன்னொன்றா?

கடல்தொட்டிக்காரர்கள் பலரும் புகழ்வது உயிர்ப்பாறையை. 1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், தனி ஃபில்டர் ஏதும் இல்லாமல் கடலிலிருந்து எடுத்த பாறையையும் காற்றுக் குமிழையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்துவதைப் பற்றி எழுதினார். பிறகு ஜெர்மனியில் அதை வளர்த்து பெர்லின் முறை என்றார்கள். இறந்த பவளத்தின் எலும்புக்கூடு அது. துளை துளையாக இருக்கும். வெளிப்பரப்பில் அமோனியாவைத் தின்னும் கூட்டம். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் வேறொரு கூட்டம், நைட்ரேட்டையும் உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். கழுவ எதுவுமே இல்லை. என் நாலு கேள்விக்கும் இதுதான் சிறந்த பதில்.

இன்னொரு கடையில் குரலைத் தாழ்த்தி, “ஒரிஜினல் பாறை வேணும்னா சொல்லுங்க மேடம், வரவெச்சுத் தரலாம்” என்றார் ஒருவர். எங்கிருந்து என்று கேட்டேன். “நம்ம பக்கம்தான்” என்றார்.

நம்ம பக்கம் என்றால் மன்னார் வளைகுடா. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அந்தக் கடலில்தான் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் ஒட்டிய பாசியைப் பறிப்பார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு அவர்கள் பிழைப்பு கட்டுப்பாடுகளுக்கு நடுவேதான் நடக்கிறது. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னெடுத்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்குப் பாசி பறிக்கும் பெண் சட்டத்துக்குப் பயந்து கரையேற வேண்டும். அதே பாறையை நான் என் ஹாலுக்கு அழகாக ரகசியமாக வரவழைத்துக்கொள்ளலாம் என்றால் அந்தச் சட்டம் யார் மேல் நிற்கிறது? பாறை வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கடைசியில் வாங்கியது: துளைகள் நிறைந்த செயற்கைப் பீங்கான் பாறை ஐந்து கிலோ, காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, நீரைச் சுழற்றச் சின்ன மோட்டார் ஒன்று. ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது. ஒரு குழாய், அதைச் சுற்றி ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச், உள்ளேயிருந்து குமிழ்கள். “இது வாஸ்து மீனுக்கு வைக்கறது மேடம்” என்று கடைக்காரர் முகம் சுளித்தார். ஆனால் தொட்டிக்குள்ளேயே கண்ணுக்கு முன்னால் நிற்கும். மூடிய பெட்டி இல்லை. காற்று பம்ப் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும், அதுவும் போனால் பேட்டரி பம்ப் இருக்கிறது. செயற்கைப் பாறைக்கும் குறை உண்டு. வாங்கும்போது அதில் உயிர் கிடையாது, வெறும் இடம். குடியிருப்போர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் சில மாதம் பழுப்புப் பாசி படர்ந்து பார்க்கச் சகிக்காது.

எடையையும் சொல்லிவிட வேண்டும். கடைக்காரரின் அட்டவணைப்படி மாதம் ஒருமுறை 20 லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. இடுப்பில் குடம் சுமந்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை என்பார்கள். சுமந்த இடுப்பு என்ன ஆனது என்று கேட்க மாட்டார்கள். வாரம் ஐந்து லிட்டர் என்று மாற்றிக்கொண்டேன். ஒரு கை வாளி. மகளும் தூக்கலாம், மாமியாரும் தூக்கலாம், இவரும் தூக்கலாம்.

இனி காத்திருக்கும் காலம். பாக்டீரியாவில் சில வகைகள் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். நம் ஆட்கள் அப்படியில்லை. அவை ஒருமுறை பெருகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். புதுத் தொட்டி பழக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். “முதல்ல ரெண்டு டாம்செல் விட்டுடுங்க மேடம். சீப்தான். அது கழிக்கிறதுல தொட்டி ரெடியாகிடும். செத்தாலும் பரவால்ல.” டாம்செல் என்பது சிறிய, உறுதியான கடல்மீன். அமோனியாவில் மூச்சுத்திணறித் திணறி, செவுள் எரிந்து, தொட்டியை மற்ற மீன்களுக்கு வாழத்தக்கதாக ஆக்கித் தருவது அதன் வேலை. உலகம் முழுக்க நெடுங்காலம் நடந்த வழக்கம் இது. டாம்செல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மணமாகாத இளம்பெண் என்று பொருள். நான் கற்பனையாக எதையும் சேர்க்கவில்லை, அகராதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஆசைப்பட்டு வாங்குகிற ஆரஞ்சுக் கோமாளி மீனும் அதே டாம்செல் குடும்பம்தான். விலை மட்டும் வேறு.

மீனில்லாமலும் இதைச் செய்யலாம். உரித்த பச்சை இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டால் அது அழுகி அமோனியா தரும். வீடு நாறும் என்று மாமியார் சொன்னதால் அமோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுக் கணக்கில் விட்டேன். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் தோழி ஒருத்தி, தன் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சில் கைப்பிடியளவு வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். “உறைக்குக் கொஞ்சம் மோர் குடு” என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான். ஒரு வித்தியாசம், தயிர் ஒரே இரவில் தோய்ந்துவிடும். நம் பாட்டிகளுக்கு நுண்ணுயிரியல் தெரியும் என்று இந்த இடத்தில் பெருமை பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டிக்குத் தெரிந்தது தயிர். அதையும் அவள் ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை என்பது பெருமையா என்ன?

முப்பத்தேழு நாள் ஹாலில் ஒரு வெற்றுத் தொட்டி நின்றது. விளக்கு எரிகிறது, குமிழ் வருகிறது, மீன் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “என்ன, செத்துப்போச்சா?” என்றார் கீழ்வீட்டுக்காரர். மாமியார், “வெறும் தண்ணிக்குக் காவல் இருக்கா” என்று நாத்தனாரிடம் ஃபோனில் சொன்னார். இவர் பத்தாம் நாளே, “ஒரு மீனாவது விடலாமே, புள்ள ஏங்குது” என்றார். புள்ள ஏங்கவில்லை. அவள் சோதனைக் குழாய்களில் நிறம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தாள். அமோனியா இருந்தால் மஞ்சள் பச்சையாகும். நைட்ரைட் இருந்தால் வெளிர்நீலம் ஊதாவாகும். முதல் இரண்டு வாரம் பச்சைதான். பதினாறாம் நாள் பச்சை வெளுக்கத் தொடங்கியது, ஊதா ஏறியது. கடல்நீரில் நைட்ரைட் நன்னீரில் போல அத்தனை கொடியதில்லை. நீரில் உள்ள குளோரைடு அதைத் தடுத்துவிடும். இருந்தாலும் அது இறங்கும்வரை மீன் கிடையாது என்று நான் அசையவில்லை. முப்பத்தைந்தாம் நாள் கொடுத்த அமோனியா மறுநாள் காலை இல்லை. நைட்ரைட்டும் இல்லை. முப்பத்தேழாம் நாளும் அப்படியே.

அந்த வாரங்களில் எனக்குள்ளேயே ஒரு வாக்கியம் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், ஓய்வில்லாமல், எல்லோர் அழுக்கையும் எடுத்து வீட்டை வாழத்தக்கதாக்கும் பாக்டீரியா, பெண்ணைப் போல. எழுதியும் வைத்தேன், பிறகு அடித்துவிட்டேன். பாக்டீரியா யாருக்கும் சேவை செய்யவில்லை. அமோனியா அதற்குச் சாப்பாடு. சாப்பாடு நின்றால் வேலையும் நிற்கும், கூட்டமும் தன்னால் குறையும். இருக்க இடம், சுவாசிக்கக் காற்று, தின்ன உணவு, மூன்றும் இருக்கிற இடத்தில்தான் அது தங்கும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் தியாகம் செய்துகொண்டு நிற்காது. சன்னலோரம் தண்ணீர் ஆற்றிய அந்தப் பெண்ணுக்கும், வளையத்தை வெள்ளையாகத் தேய்த்துவிட்டு 500 ரூபாய் இழந்த அக்காவுக்கும் இந்த வசதி இருந்ததா? ஒப்பிட்டால் பாக்டீரியாவைத்தான் உயரத்தில் வைக்க வேண்டும்.

இரண்டு கோமாளி மீன்கள் வந்தன, கடலில் பிடித்தவை இல்லை, பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். இந்த மீன்கள் எல்லாம் ஆணாகத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அவள் இறந்தால் அடுத்தவன் பெண்ணாவான். இதைச் சொன்னதும் தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த மீன்களைவிட ஸ்பாஞ்ச்மேல்தான் பற்று.

பழுப்புப் பாசி வந்தது, நான்கு மாதத்தில் போனது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், உப்பு ஆவியாவதில்லை என்பதால் இதில் உப்புச் சேர்க்கக் கூடாது. ஆர்.ஓ. தள்ளும் கழிவு நீரில் வீடு துடைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து லிட்டர் எடுத்து, எடுத்த நீரில் ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்து, புது உப்புநீர் ஊற்ற வேண்டும். ஒரு ஞாயிறு நான், ஒரு ஞாயிறு இவர், ஒரு ஞாயிறு மகள். முறைத்தாள் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் பெரிய எழுத்தில், ‘குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்’ என்று மகள் எழுதியிருக்கிறாள். காலையில் வரும் அக்கா அதைப் படித்துவிட்டு, “ஏன் கழுவக்கூடாது?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப அழுக்குதான் வேலை பாக்குதா?” என்றார். ஆமாம் என்றேன்.

போன மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பதினோரு நாள் ஊருக்குப் போயிருந்தேன். நடுவில் இரண்டு ஞாயிறு வந்தது, அதில் ஒன்று என் முறை. அன்று காலை ஏழரைக்கு இவர் ஃபோன் செய்தார்.

“அஞ்சு லிட்டருக்கு உப்பு எத்தன கிராம்?”

“நோட்டுல இருக்கு.”

“நோட்டு எங்க?”

“உப்பு டப்பாவுக்குப் பக்கத்துல.”

தேடும் சத்தம் கேட்டது. “நூத்தி எழுபத்தஞ்சுக்குக் கொஞ்சம் மேலன்னு போட்டிருக்க. கொஞ்சம்னா எவ்ளோ?”

“அளவுமானியில பாருங்க. 1.025 வரணும்.”

வைத்துவிட்டார். அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் மகளிடமிருந்து அளவுமானியின் படம் வந்தது. 1.025.